லோ-கார்ப் பாஸ்தா: பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால்

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மாவுச்சத்துக்குப் போதாத காலம். ராபர்ட் அட்கின்ஸ் என்ற மருத்துவர் 1972-இல் வெளியிட்ட உணவுமுறைப் புத்தகம் முப்பது ஆண்டு கழித்து மறுபடியும் ஊரைக் கலக்கிக்கொண்டிருந்தது. ரொட்டி, உருளைக்கிழங்கு, பாஸ்தா மூன்றையும் கண்டாலே மக்கள் ஒதுங்கினார்கள். நியூ வேர்ல்ட் பாஸ்தா என்ற பெரிய நிறுவனம் அந்த ஆண்டு திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. கணக்கு வழக்குச் சிக்கல்களும் அதற்குக் காரணம் என்றாலும் மாவுச்சத்தைக் குறைக்கும் 'லோ-கார்ப்' அலையும் சேர்த்தே பேசப்பட்டது. மறு ஆண்டு அட்கின்ஸ் பெயரில் உணவுப் பொருள் விற்ற நிறுவனமே திவால் மனு போட்டது வேறு கதை.

அந்த 2004-இல்தான் டிரீம்ஃபீல்ட்ஸ் என்ற பாஸ்தா கடைக்கு வந்தது. பார்வைக்கும் வேகும் விதத்துக்கும் ருசிக்கும் சாதாரணக் கோதுமைப் பாஸ்தாவேதான். பொட்டலத்தில் மட்டும் ஓர் அதிசயம் அச்சாகியிருந்தது. ஒரு பரிமாறலில் உள்ள 41 கிராம் மாவுச்சத்தில் வெறும் 5 கிராம்தான் செரிமானமாகும். 31 கிராம் 'பாதுகாக்கப்பட்ட' மாவுச்சத்து. நாரும் புரதமும் சேர்ந்த ஒரு கலவை அதைச் செரிமான நொதிகள் நெருங்கவிடாது. இப்படிச் சொல்லித்தான் பத்து ஆண்டுகள் விற்றார்கள். கடைசியில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2014-இல் 79 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. தவறை ஒப்புக்கொள்ளாமலே அந்த வாசகங்களைப் பொட்டலத்திலிருந்து எடுக்க நிறுவனம் சம்மதித்தது. வாங்கியவர்களுக்குப் பெட்டிக்கு 1.99 டாலர் வீதம் பணம் திரும்பியது.

இந்தக் கதையால் எல்லா லோ-கார்ப் பாஸ்தாவும் ஏமாற்று என்று ஆகிவிடாது. 'லோ-கார்ப்' என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல என்பதுதான் இதில் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம். கிழங்கு மாவில் செய்தது, கொண்டைக்கடலையில் செய்தது, காயைச் சீவியது, கோதுமை மாவுச்சத்தை வேதிமுறையில் மாற்றியது என ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பண்டங்கள் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. 'வாங்கலாமா?' என்ற கேள்விக்கு விடை, எது, எதற்காக என்ற இரண்டையும் பொறுத்துத்தான் வரும்.

முதலில், வழக்கமான பாஸ்தா எவ்வளவு மோசம்?

நினைக்கும் அளவுக்கு மோசமில்லை. அதிகம் சாப்பிடுவதுதான் மோசம்.

இத்தாலியில் 1967-இல் வந்த 580-ஆம் எண் சட்டம் முதலே, அங்கே தயாராகும் உலர் பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையிலிருந்துதான் செய்ய வேண்டும். இந்தக் கோதுமையில் புரதம் அதிகம். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அழுத்தி அச்சில் பிழிந்து, மெதுவாக உலர்த்தும்போது குளூட்டன் புரதம் வலைபோலப் பின்னி மாவுச்சத்துத் துகள்களை உள்ளே பூட்டிவிடுகிறது. குடலில் நொதிகள் அந்த வலையைக் கடந்து உள்ளே போகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் சர்க்கரை மெல்ல ஏறுகிறது.

எண்ணிலும் இது தெரியும். உணவு எவ்வளவு வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் குறியீட்டை 1981-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் உருவாக்கினார்கள். குளுக்கோஸுக்கு 100. 2008-இல் வெளியான சர்வதேசப் பட்டியலில் வெள்ளை ரொட்டிக்குச் சராசரி 75, வெள்ளைச் சோற்றுக்கு 73, ஸ்பகெட்டிக்கு 49. முழுக்கோதுமை ஸ்பகெட்டிக்கு 48. அதாவது பழுப்பு நிறப் பாஸ்தாவுக்கு மாறுவதால் சர்க்கரை ஏறும் வேகத்தில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை. நார்ச்சத்து மட்டும் 100 கிராமுக்கு 3 கிராமிலிருந்து 8, 9 கிராமாகக் கூடும். மலச்சிக்கல் உள்ளவருக்கு அதுவே போதுமான காரணம்.

ஆனால் குறியீடு வேகத்தைத்தான் சொல்லும். மொத்த அளவைச் சொல்லாது. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச்சத்து, 13 கிராம் புரதம், 370 கலோரி. பொட்டலத்தில் 'ஒரு பரிமாறல்' என்று போடுவது 56 கிராம். அதில் 42 கிராம் மாவுச்சத்து. இத்தாலிய உணவு வழிகாட்டிகள் 80 கிராம் என்கின்றன. அங்கே பாஸ்தா முதல் தட்டு, அதற்குப் பின்னால் மீனோ கறியோ காயோ வரும். ஆளுக்கு ஆண்டுக்கு 23 கிலோ பாஸ்தா தின்னும் நாட்டில் இந்த வரிசைக்கு ஓர் அர்த்தம் உண்டு. நம் வீடுகளில் பாஸ்தா என்றால் அது மட்டும்தான் சாப்பாடு. அரைக் கிலோப் பொட்டலம் நான்கு பேருக்கு என்று கணக்கு வைத்தால் ஆளுக்கு 125 கிராம். அதாவது 94 கிராம் மாவுச்சத்து. மைதாவும் வெண்ணெயும் பாலும் போட்டுக் கிளறும் வெள்ளை சாஸ் தனி.

இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தியக் கடைகளில் டியூரம் ரவைப் பாஸ்தாவோடு மைதா கலந்ததும் கிடைக்கிறது. மைதாப் பாஸ்தா சீக்கிரம் குழைந்துவிடும். மேலே சொன்ன 49 என்ற எண்ணை அதற்குப் பொருத்திப் பார்க்க முடியாது. மாற்றுப் பாஸ்தாவுக்குக் காசு செலவழிக்கும் முன், தற்போது வாங்குவது எதில் செய்தது என்று பார்ப்பது முதல் வேலை.

2018-இல் 'பிஎம்ஜே ஓப்பன்' இதழில் டொராண்டோ ஆய்வாளர்கள் 32 சோதனை ஒப்பீடுகளைத் தொகுத்தார்கள். கிட்டத்தட்ட 2,450 பேர். கிளைசெமிக் குறியீடு குறைந்த உணவுமுறையின் ஒரு பகுதியாக வாரத்துக்கு மூன்று முறைபோலப் பாஸ்தா சாப்பிட்டவர்களுக்கு எடை கூடவில்லை. சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் குறைந்தது. பத்திரிகைகள் 'பாஸ்தா தின்றால் இளைக்கலாம்' என்று தலைப்புப் போட்டன. ஆய்வாளர்களில் சிலர் பாஸ்தா நிறுவனமான பரிலாவிடம் ஆராய்ச்சி உதவி பெற்றவர்கள் என்பதைக் கட்டுரையே அறிவித்திருந்தது. அதைத் தலைப்பில் போட்டவர்கள் குறைவு. அங்கே ஒரு பரிமாறல் என்பது வெந்த பாஸ்தா அரைக் கப். நம் வீட்டுக் குழந்தைகூட அதோடு எழுந்திருக்காது.

ஒரே பெயரில் பல சரக்கு

மாவுச்சத்து உண்மையிலேயே இல்லாத பாஸ்தா என்றால் ஷிராட்டாக்கி. ஜப்பானில் பல நூற்றாண்டுகளாகச் சாப்பிடும் நூடுல்ஸ் இது. கொன்ஜாக் என்ற கிழங்கிலிருந்து செய்கிறார்கள். அந்த நாட்டு விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு குன்மா மாகாணத்திலிருந்து வருகிறது. கொன்ஜாக் நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய பங்காளி; இரண்டும் ஒரே பேரினம். சேனையில் மாவுச்சத்து நிறைந்திருக்க, கொன்ஜாக்கில் இருப்பது குளுக்கோமன்னான் என்ற நார். கிழங்கை உலர்த்திப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு நீர் சேர்த்தால் கெட்டியாகிவிடும். அதை இழைகளாகப் பிழிந்து நீரில் போட்டு அடைக்கிறார்கள். 97 சதவீதம் தண்ணீர், 3 சதவீதம் நார். 100 கிராமுக்கு 10 கலோரிதான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. 2020-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ குளுக்கோமன்னானை உணவு நாராக ஏற்றது. கலோரியைக் குறைத்துச் சாப்பிடும்போது எடை குறையத் துணைசெய்யும் என்று பொட்டலத்தில் சொல்ல ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. ஆனால் நாளைக்கு 3 கிராம், மூன்று வேளையாக, நிறையத் தண்ணீரோடு என்ற நிபந்தனையுடன்.

சிக்கல் வாயில்தான். பொட்டலத்தைப் பிரித்ததும் மீன் கவிச்சி போன்ற ஒரு வாடை வரும். அது சுண்ணாம்பு நீரின் வேலை. இழைகள் வழுக்கும், மெல்லும்போது ரப்பர்போல எதிர்க்கும், சாஸை உறிஞ்சாது. ஸ்பகெட்டியை எதிர்பார்த்து வாயில் வைப்பவர் முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளிவிடுவார். சோயா சாஸ், இஞ்சி, பூண்டு, மிளகாய் போட்டுக் கிழக்காசிய நூடுல்ஸாக வதக்கினாலோ மிளகு ரசம்போன்ற காரமான சூப்பில் போட்டாலோ இதே ஷிராட்டாக்கி ருசியாக இருக்கிறது. தக்காளி சாஸோடு இதைச் சேர்ப்பது யாருடைய யோசனையோ.

காய்களைச் சுருள் சுருளாகச் சீவுவது அடுத்த வகை. சுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர். 100 கிராமில் 3 கிராம் மாவுச்சத்து, 17 கலோரி. சீவும் கருவியை ஒரு முறை வாங்கினால் போதும். சுக்கினிதான் வேண்டும் என்றும் இல்லை. பிஞ்சுச் சுரைக்காயும் முள்ளங்கியும் கேரட்டும் அந்தக் கருவிக்குள் ஒழுங்காகப் போகும். டப்பாவில் வரும் 'ஹார்ட்ஸ் ஆஃப் பாம்' பாஸ்தா பனை இன மரமொன்றின் குருத்து. மரம் வெட்டும் நாளில் தென்னங்குருத்து தின்றவர்களுக்கு அந்தக் கடிபதம் பழகியதுதான். அமெரிக்காவில் பிரபலமான பால்மினி வகையில் 75 கிராமுக்கு 20 கலோரி, 4 கிராம் மாவுச்சத்து. லேசான புளிப்பும் உப்பும் இருக்கும்; அலசி, பாலில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால் குறையும். கடல் கடந்து டப்பாவில் வருவதற்குக் கொடுக்கும் விலைதான் உறுத்துகிறது.

இப்போது அதிகம் விற்பது பருப்புப் பாஸ்தா. இதைப் பற்றித்தான் அதிகம் குழப்பமும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2014-இல் தொடங்கிய பான்சா நிறுவனம் கொண்டைக்கடலைப் பாஸ்தாவைப் பிரபலமாக்கியது. பரிலாவும் மசூர் பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் செய்து விற்கிறது. கூட்டத்தோடு கூட்டமாக இவையும் 'லோ-கார்ப்' அலமாரியில் உட்கார்ந்திருக்கின்றன. 56 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 35 கிராம். கோதுமைப் பாஸ்தாவில் 42. வித்தியாசம் 7 கிராம். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருப்பது அவ்வளவு. இதை லோ-கார்ப் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் வேறு கணக்கில் பார்த்தால் இந்த வகைக்குத்தான் அதிக மதிப்பெண். கோதுமைப் பாஸ்தாவில் 7 கிராம் புரதம் இருந்த இடத்தில் 11 முதல் 13 கிராம் புரதம். நார்ச்சத்து இரண்டு மடங்கு. முழுக் கொண்டைக்கடலையின் கிளைசெமிக் குறியீடு 28, பருப்பு வகைகளுடையது 32. மாவாக அரைத்துப் பிழிந்தபின் அந்த எண்கள் அப்படியே நிற்காது என்றாலும் வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது. முட்டையும் இறைச்சியும் சேர்க்காத வீட்டில், பள்ளிவிட்டு வந்ததும் பாஸ்தா கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை. சர்க்கரை நோயாளி ஒருவர் 'இது லோ-கார்ப்' என்று நம்பி இரண்டு தட்டு சாப்பிடுவதுதான் ஆபத்து.

சோயா பீன்ஸ், எடமாமே என்ற பிஞ்சு சோயா, லூபின் என்ற பயறு ஆகியவற்றில் செய்தவை பருப்புப் பாஸ்தாவைவிட ஒரு படி மேலே போகும். எடமாமே ஸ்பகெட்டி 56 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதமும், 11, 12 கிராம் நாரும் உண்டு. நாரைக் கழித்தால் மாவுச்சத்து 10 கிராமுக்குள் அடங்கும். புரதத்துக்காகவும் சர்க்கரைக்காகவும் ஒருசேரக் கவலைப்படுபவருக்கு இதுதான் பொருத்தம். பச்சைநிறம், கொஞ்சம் சொரசொரப்பு, பட்டாணி வாசம். கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், நிலக்கடலை அரைத்த சட்னிபோன்ற சாஸ் அதற்கு நன்றாகப் பொருந்துகிறது.

கடைசி வகை, கோதுமையே ஆனாலும் மாவுச்சத்து குறைவு என்று சொல்பவை. செரிக்க முடியாதபடி மாற்றிய கோதுமை மாவுச்சத்தும் தனியாகப் பிரித்தெடுத்த குளூட்டனும் சேர்ந்தவை இவை. ருசியில் அசல் பாஸ்தாவுக்கு மிக நெருக்கம். இப்படி மாற்றிய மாவுச்சத்தில் ஒரு வகையை எஃப்டிஏ 2019-இல் நாராக ஏற்றுக்கொண்டது. எனவே டிரீம்ஃபீல்ட்ஸ் கதையைச் சொல்லி எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. ஆனால் எவ்வளவு பங்கு செரிக்கிறது என்பது ஆளுக்கு ஆள், வேகவைக்கும் விதத்துக்கு விதம் மாறக்கூடியது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர் இதைத் தானே சோதிக்கலாம்: ஒரு நாள் வழக்கமான பாஸ்தா, இன்னொரு நாள் மாற்று; எடை ஒன்று, சாஸ் ஒன்று, சாப்பிடும் நேரம் ஒன்று. சாப்பிடும் முன்பும், ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி கழித்தும் அளக்க வேண்டும். மூன்றாம் மணி முக்கியம். மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்து அங்கேதான் தலைகாட்டும்.

'மல்டிகிரெய்ன்', 'கேழ்வரகு', 'கீரை', 'பீட்ரூட்' என்று எழுதிய பாஸ்தாக்கள் இந்தப் பட்டியலில் இல்லை. சிறுதானியங்களில் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் மாவுச்சத்து உண்டு. அவற்றைச் சாப்பிட வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். லோ-கார்ப் என்பது அதில் சேராது. கீரைப் பாஸ்தாவில் பெரும்பாலும் நிறத்துக்கான அளவு கீரைப்பொடிதான் இருக்கும்.

லேபிளில் எதைக் கழிப்பது

பொட்டலத்தின் முன்பக்கத்தில் பெரிதாகப் போடும் 'நெட் கார்ப்' என்பது மொத்த மாவுச்சத்திலிருந்து நாரைக் கழித்த எண். சட்டப்படி இதற்கு எஃப்டிஏ வரையறை எதுவும் வைக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிக்குக் கழித்துக்கொள்கிறது. பின்பக்கத்து ஊட்டச்சத்துக் கட்டம்தான் நம்பத்தக்கது. அதிலும் ஒரு பொறி உண்டு.

அமெரிக்கப் பொட்டலத்தில் மொத்த மாவுச்சத்து என்றால் நார் உட்பட. ஐரோப்பா, பிரிட்டன், ஆஸ்திரேலியப் பொட்டலங்களில் நாரை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் மாவுச்சத்து எண்ணைப் போடுகிறார்கள். நார் தனி வரியில் வரும். இணையத்தில் வாங்கிய இத்தாலியப் பொட்டலத்தில் 'நாரைக் கழி' என்ற அமெரிக்க அறிவுரையைப் பின்பற்றினால் ஒரே நாரை இரண்டு முறை கழித்ததாகும். இன்சுலின் அளவைக் கணக்கிட்டு ஊசி போடுபவருக்கு இது விளையாட்டான தவறு அல்ல.

பரிமாறல் அளவையும் கவனிக்க வேண்டும். ஷிராட்டாக்கியின் எண் ஈரமான எடைக்கு, பருப்புப் பாஸ்தாவின் எண் உலர்ந்த எடைக்கு. உலர் பாஸ்தா வெந்ததும் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டுமென்றால் தட்டில் விழும் அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

மாற்றாமலே குறைக்க முடியுமா?

முடியும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான வழியும்கூட. கடையில் எதுவும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

ஆளுக்கு 80 கிராம் பாஸ்தாவுக்குப் பதில் 40 கிராம். சீவிய சுக்கினியோ சுரைக்காயோ 150 கிராம். இரண்டு முட்டை, அல்லது 50 கிராம் பன்னீர், அல்லது ஒரு துண்டு கோழி. தட்டு அதே அளவு நிறைந்திருக்கும். மாவுச்சத்து மட்டும் 60 கிராமிலிருந்து 35 பக்கம் இறங்கிவிடும். அசல் பாஸ்தாவின் ருசியும் போகாது. இத்தாலியக் கிராமத்துச் சமையலில் பாஸ்தாவைக் கொண்டைக்கடலையோடும் அவரை விதையோடும் சேர்த்துக் கெட்டி சூப்பாகச் செய்யும் பழக்கம் பழையது. அங்கே பருப்பு முக்கியம், பாஸ்தா ஒரு கைப்பிடி. ஒரு பொட்டலம் இறக்குமதிக் கொண்டைக்கடலைப் பாஸ்தாவின் விலையில் பல நாளைக்கு வேண்டிய கொண்டைக்கடலையே வாங்கிவிடலாம்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் பங்களிப்போடு நடந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்தது. இந்தியர்கள் சராசரியாக 62 சதவீதக் கலோரியை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்றது அது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாறியதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு அல்லது பால் புரதத்தை வைப்பதாகக் கணக்கிட்டபோது குறைவு தெரிந்தது. பாஸ்தா விஷயத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஒரு மாவின் இடத்தில் இன்னொரு மாவை வைக்கும் பொட்டலத்துக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பிடும் வரிசையையும் மாற்றிப் பார்க்கலாம். நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 2015-இல் 11 நீரிழிவு நோயாளிகளுக்குக் காயையும் கோழியையும் முதலில் கொடுத்து, மாவுச்சத்தைப் பதினைந்து நிமிடம் கழித்துக் கொடுத்தார்கள். வரிசையைத் தலைகீழாக்கிச் சாப்பிட்ட நாளோடு ஒப்பிட, ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. பாஸ்தாவை வேகவைத்து, குளிரவைத்து, மறுநாள் சூடுபடுத்திச் சாப்பிட்டால் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறும் என்பதும் தெரிந்ததே. 2014-இல் பிபிசி நிகழ்ச்சிக்காக சர்ரே பல்கலைக்கழகம் நடத்திய சோதனையில் மறுசூடாக்கிய பாஸ்தா சர்க்கரை உயர்வைப் பாதியாகக் குறைத்தது. ஒரு சில தன்னார்வலர்களை வைத்துச் செய்த சோதனை அது. 'பாதி' என்ற சொல்லை நம்பி இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

எடைதான் கவலை என்றால் பாஸ்தாவுக்கு முன் சாஸைப் பார்க்க வேண்டும். 100 கிராம் கிரீம், ஒரு தேக்கரண்டி வெண்ணெய், 30 கிராம் சீஸ் சேர்ந்தால் 500 கலோரி தொட்டுவிடும். அதற்கு அடியில் 10 கலோரி ஷிராட்டாக்கி இருப்பது பில்லைக் கூட்டுமே தவிர இடுப்பைக் குறைக்காது.

யார் யோசித்து வாங்க வேண்டும்

இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டு திடீரென்று மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. சர்க்கரை எண் சாதாரணமாகக் காட்டும்போதே இது நடக்கலாம். இவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டுத்தான் மாற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பருப்புப் பாஸ்தாவின் புரதமும் பொட்டாசியமும் கணக்கில் வரும்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு லூபினும் ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பாவில் லூபினை ஒவ்வாமைப் பட்டியலில் குறிப்பிடுவது கட்டாயம். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் லோ-கார்ப் கோதுமைப் பாஸ்தாவைத் தொடவே கூடாது. அதில் குளூட்டன் கூடுதல். கொன்ஜாக்கை நன்றாக மென்று, தண்ணீர் குடித்துச் சாப்பிட வேண்டும். சிறு கிண்ணங்களில் வந்த கொன்ஜாக் ஜெல்லி குழந்தைகளின் தொண்டையில் அடைத்ததால் 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைத் தடுத்தன. நூடுல்ஸுக்கு அந்தத் தடை இல்லை. என்றாலும் விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நாரே பழக்கமில்லாத வயிற்றில் ஒரே நாளில் 15 கிராம் நாரை இறக்கினால் அன்று மாலை வயிறு உப்பும். பாதிப் பங்கில் தொடங்க வேண்டும்.

அடுப்பில்

வழக்கமான பாஸ்தாவைப் பொட்டலத்தில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக இறக்க வேண்டும். நடுவில் லேசான கடி இருக்கும்போது சர்க்கரை மெல்ல ஏறும். குழைந்தால் அந்த நன்மை போய்விடும். குக்கரில் விசில் விடும் பாஸ்தாவுக்கு மேலே சொன்ன 49 என்ற குறியீட்டு எண் பொருந்தாது.

கொண்டைக்கடலைப் பாஸ்தா பருப்பு நீர்போலவே நுரைத்துப் பொங்கும். அகலமான பாத்திரம், நிறையத் தண்ணீர், மிதமான தீ. ஒரு நிமிடம் அதிகமானாலும் உடைந்து கூழாகும் என்பதால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வடித்ததும் ஒரு முறை அலசினால் மாவுத்தன்மை போகும். வேகவைத்த நீரை வைத்து சாஸ் இளக்கும் இத்தாலிய வழக்கம் இதற்கு வேண்டாம். கசப்பும் கடலை வாசமும் ஏறிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிப்போகும். வேண்டிய அளவுக்கு மட்டும் போடுவது நல்லது.

சுக்கினியைச் சீவி உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடிதட்டில் வைத்துப் பிழிய வேண்டும். பிறகு நல்ல சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம் புரட்டினால் போதும். கெட்டியான சாஸைத் தட்டில் போடும்போதுதான் சேர்க்க வேண்டும். சாஸிலேயே வேகவிட்டால் தட்டில் குளம் கட்டும்.

ஷிராட்டாக்கிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். பொட்டல நீரைக் கொட்டிவிட்டு ஓடும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் அலச வேண்டும். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, எண்ணெய் இல்லாத காய்ந்த வாணலியில் கிளறிக்கொண்டே இருந்தால் ஆவி அடங்கி இழைகள் கிறீச்சிட ஆரம்பிக்கும். அந்தப் பதத்தில் எண்ணெயும் மசாலாவும் சேர்க்கலாம். நீளமான இழைகளைக் கத்தரிக்கோலால் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டால் மெல்ல எளிது. மீந்ததை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்து உருகினால் நீர் பிரிந்து இழைகள் தோல்போல ஆகிவிடும். சுத்தமான தண்ணீரில் மூழ்கவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் பயன்படுத்தலாம்.